ரீட்டா போட்ட ஆறு குட்டிகள்

போன கிழமை, கோழித்தீன் வாங்கவென்று கிளிநொச்சியில் ஒரு தீவனக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்த இளைஞனுக்கும் பின்னால் இருந்த அவன் மனைவிக்கும் நடுவே, வெள்ளைத் துவாயில் சுற்றிய ஒரு ஹஸ்கிக் குட்டி. பனி நாட்டில் வண்டி இழுக்கிற இனம். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் அது நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, எந்தப் பாவத்துக்கு இங்கே வந்து சேர்ந்தேன் என்பதுபோல உலகத்தைப் பார்த்தது.

"உண்ணிப் பவுடர் இருக்கோ அண்ணை? நல்லதாத் தாங்கோ. இது அசல் குட்டி" என்றாள் அந்தப் பெண்.

கடைக்காரர் ஒரு டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார். அந்த வாசம் எனக்கும் வந்தது. கற்பூரமும் சுண்ணாம்பும் பழைய சாக்கும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். உங்களுக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். அதோடு 'அசல்' என்ற அந்தச் சொல்லும் சேர்ந்துகொண்டதில், கையில் காசோடு கடை வாசலில் நின்றபடியே நான் முதல் வேலை பார்த்த காலத்து முரசுமோட்டைக்குப் போய்விட்டேன். கடைக்காரர் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் திரும்பி வந்தேன்.

நாய்க்குப் பயந்த ஒருத்தி மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்த கதையை உங்களுக்கு நான் இன்னும் சொல்லவில்லை, இல்லையா?

மிருக வைத்தியர் அலுவலகத்தைத்தான் சனம் மாட்டாஸ்பத்திரி என்று சொல்லும். என் முதல் நியமனம் அங்கே. சண்டை ஓய்ந்து சனம் திரும்பிவந்து குடியேறி, இரண்டு மூன்று போகம் விளைந்திருந்த காலம். பாதிப் பேர் இன்னும் தகரக் கொட்டில்களில் இருந்தார்கள். கட்டடத்துக்குக் கூரை புதிது, சுவர் பழையது. நியமனம் கிடைத்ததும் கனகராயன்குளத்தில் என் அப்பாவிடம், "அங்கே நாயும் வருமே அப்பா" என்றேன். "நாயை ஆர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது? மாடுதான் வரும். மாடு கடிக்காது. போ" என்றார். மாடு உதைக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. அதை முதல் கிழமையிலேயே நானாகத் தெரிந்துகொண்டேன்.

அப்பா சொன்னதில் உண்மையும் இருந்தது. அந்தக் காலத்தில் நாய்க்கு வைத்தியம் செய்யலாம் என்பதே பலருக்குப் புதினம். லான்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் கன்றை ஏற்றி வருவார்கள், சைக்கிள் கரியரில் ஆட்டைக் கட்டிக்கொண்டு வருவார்கள். நாய் தானாக வரும், வாசலில் படுக்கும், தானாகப் போகும். நான் அது போகும்வரை அலுமாரிக்குப் பின்னால் மருந்துப் போத்தல்களை அடுக்குவேன். அந்த அலுமாரியைப்போல ஒழுங்கான அலுமாரி வடமாகாணத்திலேயே இருந்திருக்காது.

தங்குவதற்கு அறை தேடியபோது முரசுமோட்டையில் பூரணம் அன்ரியின் வீட்டைக் காட்டினார்கள். கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். கணவர் இல்லை. கொஞ்சம் வயலும், வீட்டுக்குப் பின்னால் கச்சான் கடலைத் தோட்டமும், நாலைந்து நாட்டுப் பசுக்களும் வைத்திருந்தார். வாசல் படலையில் நின்றே கேட்டேன்.

"அன்ரி, நாய் இருக்கோ?"

"நாயோ? இல்லைப் பிள்ளை. மண்டையன் இருக்கிறான்."

மண்டையன் யார் என்று கேட்க வாயெடுப்பதற்குள் அவனே வந்துவிட்டான். மண்ணிறத்தில் ஒரு நாய். உடம்புக்கு அளவில்லாத பெரிய தலை. ஒரு காது நிமிர்ந்து நின்றது, மற்றது பாதியில் மடிந்து கிடந்தது. நான் படலையின் கட்டையைப் பிடித்தபடி கண்ணை மூடிவிட்டேன். அவன் என் செருப்பை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். வேறு அறை கிடைக்காததால் அங்கேயே தங்கினேன். மறுநாள் காலையிலிருந்து என் சைக்கிளுக்கு முன்னால் ஓடி, பிரதான வீதிவரை வந்து விட்டுவிட்டுப் போவதை அவன் வழக்கமாக்கிக்கொண்டான். எனக்குக் காவலா, என் மீது காவலா என்பது கடைசிவரை தெரியவில்லை.

அவனைப் பற்றி அன்ரி சொல்லும் கதை ஒன்றுதான். "நாங்கள் திரும்பி வந்து இறங்கேக்க வீடும் இல்லை, வேலியும் இல்லைப் பிள்ளை. கிணத்துக்கட்டில இவன் படுத்திருக்கிறான். எங்களைப் பாத்திட்டு, 'வந்திட்டியளோ' எண்ட மாதிரி எழும்பி வாலை ஆட்டினான். ஆரின்ரை நாயோ, எங்கையிருந்து வந்தவனோ. எங்களுக்கு முதல் இஞ்ச குடியேறினவன் அவன்தான்." இதைச் சொல்லும்போது மட்டும் அன்ரியின் குரல் இறங்கும். பிறகு உடனே பழைய குரலுக்கு ஏறி, மண்டையனின் வீரத்தைச் சொல்வார். காட்டுப் பன்றி கச்சான் தோட்டத்துக்குள் வரவே அஞ்சுமாம். நான் பார்த்த அளவில் அவன் மயிலுக்கு அஞ்சினான். ஒரு குரங்கு அவன் கன்னத்தில் அறைந்ததை நானே கண்ணால் கண்டேன்.

பக்கத்து வீட்டு வளவில் கனகசபை மாஸ்டர் இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்த குடும்பம். விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். மெல்லிய உடம்பு, தேய்த்த சேட்டு, மூக்குக் கண்ணாடி. அவரிடம் இருந்தது ரீட்டா. அசல் அல்சேசன் பெட்டை. கொழும்பிலிருந்து மைத்துனர் கொண்டுவந்து கொடுத்தது. ரீட்டாவுக்குத் தனிக் கூடு, தனிச் சட்டி, தனிச் சீப்பு. பின்னேரங்களில் மாஸ்டர் அதைக் குளிப்பாட்டி, துடைத்து, உண்ணிப் பவுடர் போட்டுவிடுவார். காற்று எங்கள் பக்கம் அடித்தால் அந்த வாசம் குசினி அடுப்புவரை வரும். "ஆ, மாப்பிள்ளை வீட்டார் வரப்போகினம்போல, பொம்பிளைக்குப் பவுடர் போடுறார்" என்பார் அன்ரி, வேலிக்கு அப்பால் கேட்கக்கூடிய குரலில்.

அப்படித்தான் விவாதம் தொடங்கும். வேலி என்றால் தென்னோலை பின்னிய கிடுகு வேலி. நடுவில் ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய பொட்டு ஒன்று இருந்தது. அதன் இந்தப் பக்கம் அன்ரி கதிரை போட்டு இருப்பார், அந்தப் பக்கம் மாஸ்டர் கதிரை போட்டு இருப்பார். இருவருக்கும் நடுவில், தேத்தண்ணிக் கோப்பையோடு நான்.

"நாய் எண்டா அதுக்கொரு வரலாறு இருக்கோணும், பூரணம். உவன்ரை தாய் ஆர், தேப்பன் ஆர்? சொல்லுங்கோ பாப்பம்."

"ஏன் மாஸ்டர், பொம்பிளை குடுக்கப் போறியளோ? குலம் கோத்திரம் கேக்கிறியள்."

"பகிடி விடாதேங்கோ. அசல் இனம் எண்டா அதின்ரை குணம் இன்னது எண்டு முன்னமே சொல்லலாம். காவலுக்கு இது, வேட்டைக்கு இது. கலப்பில அப்பிடிச் சொல்ல ஏலுமோ? லொத்தர்ச் சீட்டு மாதிரி. என்ன விழும் எண்டு ஆருக்கும் தெரியாது."

"உங்கடை ரீட்டா இடி இடிச்சாக் கட்டிலுக்குக் கீழ போய்ப் படுக்குதே, அதையும் முன்னமே சொன்னவையோ?"

"அது உணர்ச்சி கூடின இனம்."

"என்ரை மண்டையனுக்கு உணர்ச்சியே இல்லை மாஸ்டர். அதாலதான் உயிரோட இருக்கிறான். வருத்தம் எண்டு ஒரு நாள் படுத்ததில்லை. உங்கடையள் எல்லாம் ஒரே குடும்பத்துக்குள்ள கட்டிக் கட்டி, இடுப்பு வலியோட பிறக்குதுகள்."

இதில் வேடிக்கை என்னவென்றால், மாஸ்டரின் தொழுவத்தில் நின்றது ஜேர்சிக் கலப்பு மாடு. எங்கள் அலுவலகத்தில்தான் ஊசி போட்டுச் சினைப்படுத்தியது. கலப்பு மாட்டின் அருமையை அவர் ஊர் முழுக்கப் பிரசங்கம் செய்வார். அன்ரியோ தன் நாட்டுப் பசுக்களுக்குப் பக்கத்தில் ஊசியைக் கொண்டுவரவே விடமாட்டார். "கலந்தாப் பாலில மணம் போயிடும்" என்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் நான் சொல்லிவிட்டேன்: "மாஸ்டர் மாட்டில கலப்பு, நாயில அசல். அன்ரி நாயில கலப்பு, மாட்டில அசல். இது எப்பிடி?"

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தைப்பிள்ளை பெரிய ஆட்களின் கதைக்குள் வாயை வைத்த மாதிரி ஒரு பார்வை.

"மாடு வேறை, நாய் வேறை" என்றார் மாஸ்டர்.

"ஓம், மாடு வேறை, நாய் வேறை" என்றார் அன்ரி.

நான் அங்கிருந்த காலம் முழுவதிலும் அவர்கள் ஒத்துக்கொண்ட விடயம் அது ஒன்றுதான்.

ரீட்டா பருவத்துக்கு வந்தது. மாஸ்டர் ஏற்கனவே வவுனியாவில் சம்பந்தம் பேசி வைத்திருந்தார். ஒரு ஹார்ட்வெயார் கடைக்காரரின் அல்சேசன். பெயர் பிரின்ஸ். குட்டிகளையும் பிறப்பதற்கு முன்பே பலருக்குச் சொல்லிவைத்தாயிற்று. ஒன்று யாழ்ப்பாணத்துச் சகலனுக்கு, ஒன்று நகரத்தில் இருந்த ஒரு வங்கி மனேச்சருக்கு, இப்படி. பிரின்ஸ் வேனில் வந்து இறங்கியது. கூடவே அதன் தண்ணீர்ப் போத்தல், அதன் துவாய், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். மாஸ்டரின் மனைவி வடை சுட்டு, பாயாசமும் வைத்திருந்தார். நான் மாட்டாஸ்பத்திரிக்காரி என்பதால் அரசாங்கப் பிரதிநிதியாக அழைக்கப்பட்டேன். கதவு சாத்திய மால் கொட்டில் ஒன்றுக்குள் காரியம் நடந்தது. வெளியே நாங்கள் வடை தின்றோம். பிரின்ஸ் வெளியே வந்தபோது அதற்கும் ஒரு வடை கொடுத்தார்கள். வேலியின் மறுபக்கம் அன்ரி, "தாலி கட்டியாச்சோ மாஸ்டர்?" என்று கேட்டார். மாஸ்டர் அன்றைக்கு இருந்த சந்தோசத்தில் பொட்டு வழியாக அவருக்கும் பாயாசம் கொடுத்தனுப்பினார்.

இரண்டு நாள் கழித்துப் பின்னேரம் ரீட்டாவைக் காணவில்லை.

கூட்டின் கதவு திறந்து கிடந்தது. சாப்பாடு வைத்தபோது கொளுக்கியைப் போட மறந்துவிட்டார்கள். மாஸ்டர் "ரீட்டா, ரீட்டா" என்று கூப்பிட்டுக்கொண்டு வளவெல்லாம் தேடினார். நானும் தேடினேன். தேடுகிற மாதிரி நடந்தேன் என்பதுதான் சரி. கண்டுபிடித்துவிடுவேனோ என்று எனக்குப் பயம். கடைசியில் அன்ரியின் கச்சான் தோட்டத்துக்குள்ளிருந்து அன்ரியின் குரலே வந்தது. "மாஸ்டர்... இஞ்ச வாங்கோ... கோவிக்கப்படாது..."

பார்த்ததை நான் எழுதவேண்டியதில்லை. ரீட்டாவும் மண்டையனும் எதிரும் புதிருமாகத் திரும்பி, பிரிய முடியாமல் நின்றுகொண்டிருந்தார்கள். ரீட்டாவின் முகத்தில் வெட்கம் ஒன்றும் இல்லை. மண்டையன்தான் எங்களைப் பார்த்து வாலை ஆட்டப் பார்த்தான், முடியவில்லை.

மாஸ்டர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, சேட்டு நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு காத்து நின்றார். பிறகு ரீட்டாவைக் கூட்டிக்கொண்டு போனார். அன்று மாலையே பொட்டில் இரண்டு கிடுகு வைத்துக் கட்டப்பட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு அந்தரமாக இருக்கும். அன்ரி தன் கதிரையில் வழமைபோல இருப்பார். மாஸ்டர் அந்தப் பக்கம் வரமாட்டார். "நான் வேணுமெண்டு செய்தனானோ பிள்ளை?" என்று அன்ரி என்னிடம் கேட்பார். பிறகு மண்டையனைப் பார்த்து, "எல்லாம் உன்னால" என்பார். அவன் எழும்பி வந்து அவர் காலடியில் படுப்பான். தேத்தண்ணி ஆறிப்போகும். மாஸ்டரும் பாவம். அவர் கோபித்தது மண்டையனை அல்ல, கொடுத்த வாக்கை நினைத்துத்தான் என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். "பிறக்கப்போறது என்ன எண்டு தெரியாமல் ஆக்களுக்கு என்னத்தைக் குடுக்கிறது எண்டு யோசிக்கிறார். நித்திரை இல்லை மனுசனுக்கு."

நான் எங்கள் டொக்டரிடம் கேட்டேன். அவர் இளைஞர், அமைதியானவர், எந்த விவாதத்திலும் பக்கம் சாயாதவர். "ரெண்டு பேரும் தேப்பனா இருக்கலாம்" என்றார். "நாயில ஒரே ஈத்தில ரெண்டு தேப்பனுக்கும் குட்டி வரும். கொஞ்சம் இவருக்கு, கொஞ்சம் அவருக்கு."

இந்தச் செய்தியை மாஸ்டரிடம் சொல்லும் பொறுப்பு எனக்கு. அவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு அவருக்குள் இருந்த விஞ்ஞான வாத்தியார் மெல்லத் தலையைத் தூக்கினார். "அப்ப இது ஒரு பரிசோதனை" என்றார்.

ரீட்டா ஆறு குட்டி போட்டது. பிறந்த குட்டிகள் எல்லாம் நனைந்த எலி மாதிரித்தான் இருந்தன. மாஸ்டர் ஒவ்வொன்றையும் தூக்கி, மூக்கின் நீளம், பாதத்தின் அகலம் எல்லாம் பார்த்து, மூன்றை அசல் என்றும் மூன்றைக் கலப்பு என்றும் தீர்ப்பளித்தார். அசலுக்குச் சிவப்பு நூல், கலப்புக்கு நீல நூல் கழுத்தில் கட்டினார். சிவப்பு நூலில் ஒன்று, கறுத்த முதுகும் அகன்ற மார்புமாக, முதல் நாளிலிருந்தே மற்றவற்றின் மேல் ஏறி மிதித்துக்கொண்டு போகும். அதற்கு ஜூனியர் என்று பெயர் வைத்தார். குட்டிகள் கொஞ்சம் வளர்ந்ததும் முதல் வேலையாக ஒன்றின் நூலை மற்றது கடித்து அறுத்தது. மாஸ்டர் மறுபடி கட்டினார். மறுபடி அறுத்தன. அப்படிக் கட்டிக் கட்டி, எது எந்த நூல் என்று ஜூனியரைத் தவிர மற்றதெல்லாம் அவருக்கே குழம்பிவிட்டது.

அன்ரி வேலிக்கு இந்தப் பக்கம் துடித்துக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளைகள் பிறந்தும் பார்க்கக் கிடைக்காத மாமியாரின் நிலை. என்னை ஒவ்வொரு நாளும் விசாரிப்பார். "காது எப்பிடி? மண்டை பெரிசோ?" மண்டை பெரிசு என்று சொன்னால் முகம் மலரும்.

குட்டிகள் நன்றாக ஓடித் திரியத் தொடங்கிய சமயத்தில்தான் வருத்தம் வந்தது. வயிற்றோட்டம், சத்தியெடுத்தல், இரத்தமாகப் போனது. டொக்டர் வந்து பார்த்துவிட்டு, "பார்வோ" என்றார். இதற்கென்று ஒரு மருந்து கிடையாது, சேலைன் ஏற்றி உடம்பில் தண்ணீர் வற்றாமல் பார்க்கவேண்டும், பார்த்தால் சிலது தப்பும் என்றார். மாஸ்டரின் மனைவி முழங்கால் வருத்தக்காரி, குனிய முடியாது. ஆறு குட்டி, ஒரு மாஸ்டர். நான் பயத்தோடு பார்த்துக்கொண்டு நிற்க, வேலியில் சரசரவென்று ஒரு சத்தம். கட்டியிருந்த கிடுகு இரண்டையும் பிய்த்து எறிந்துவிட்டு, பொட்டு வழியாக அன்ரி வந்தார். ஒரு கையில் செவ்விளநீர்க் குலை, மறு கையில் பழைய சேலை.

"தள்ளுங்கோ மாஸ்டர். நீங்கள் சேலைனைப் பாருங்கோ. நான் துடைக்கிறன். பிள்ளை, என்ன விறைச்சுப்போய் நிக்கிறாய்? இதைப் பிடி."

என் கையில் ஒரு குட்டியை வைத்துவிட்டார். பூனைக்குட்டி அளவு பாரம். சூடு. இதயம் கையில் துடித்தது. பயப்படுவதற்கு அதில் ஒன்றுமே இருக்கவில்லை. அன்றைக்குப் போன பயம் போனதுதான், பிறகு வரவேயில்லை. வேலை முடிந்து வந்தவுடன் நான் அங்கேதான். ஊசியில்லாத சிரிஞ்சில் இளநீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விடுவேன். அந்த நாட்களில் அவர்கள் இருவரும் ஒரு தடவைகூட விவாதிக்கவில்லை. எந்தக் குட்டி யாருடையது என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

ஐந்து தப்பின. ஒன்று போய்விட்டது. அது ஜூனியர்.

மாஸ்டர் வேப்பமரத்தடியில் புதைக்கத் தானே கிடங்கு வெட்டினார். அன்ரி பக்கத்தில் நின்றார். எனக்கு மனதுக்குள் ஒரு பயம். 'அசல் போயிட்டுது, கலப்பு நிண்டிட்டுது' என்று அன்ரி வாய்தவறிச் சொல்லிவிட்டால்? அவருடைய வாயை எனக்குத் தெரியும். மாஸ்டர் மண்ணை மூடி முடித்து நிமிர்ந்தார். அன்ரி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தபடி சொன்னார்:

"நல்ல குட்டி மாஸ்டர். அதின்ரை நடையிலயே தெரிஞ்சது, பெரிய இடத்துப் பிள்ளை எண்டு."

மாஸ்டர் மண்வெட்டியை மரத்தில் சாய்த்துவைத்தார். "உங்கடை மண்டையன்ரை சாடையும் அதில கொஞ்சம் இருந்தது, பூரணம்" என்றார்.

இரண்டும் பொய் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதைவிட மரியாதையான ஒரு பேச்சை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. மறுநாள் பின்னேரம் பொட்டின் இரண்டு பக்கமும் கதிரைகள் வந்தன. தேத்தண்ணி சூடாக இருக்கும்போதே சண்டை தொடங்கிவிட்டது.

வங்கி மனேச்சர் குட்டி எடுக்க வந்த நாளைச் சொல்லாமல் விட முடியாது. காரில் வந்தார், மனைவியோடு. ஐந்து குட்டியையும் முற்றத்தில் விட்டார்கள். அதில் ஒன்றுக்கு இரண்டு காதும் ஈட்டி மாதிரி நிமிர்ந்து நின்றன. மற்றவை இன்னும் காதைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தன. மனேச்சர் நேரே அதைத் தூக்கினார். "இதுதான் மாஸ்டர். பாத்தவுடனை தெரியுது. அசல்."

மாஸ்டரின் முகம் சுருங்கியது. அந்தக் குட்டியின் தலையின் அளவையும், அது நின்ற நிலையையும் பார்த்தால் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. மண்டையனை அச்சில் வார்த்த மாதிரி. நாட்டு நாய்க்குட்டிக்குக் காது வெள்ளெனவே, சின்ன வயதிலேயே நிமிரும் என்பதும் மாஸ்டருக்குத் தெரியும். ஒன்றும் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும்.

"மனேச்சர், நான் மறைக்கக்கூடாது. இது கலப்பு. பக்கத்து வீட்டு நாயின்ரை குட்டி. நீங்கள் அந்தக் காது தொங்கினதை எடுங்கோ. அதுதான் அசலா இருக்கோணும்."

மனேச்சர் சிரித்தார். காது தொங்கிய குட்டியைப் பார்த்தார், கையிலிருந்த குட்டியைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "மாஸ்டர் நல்லதைத் தனக்கு வைச்சுக்கொள்ளப் பாக்கிறார்."

"இல்லை, சத்தியமா..."

"எனக்கு விளங்குது மாஸ்டர். ஆசை ஆரை விட்டது? ஆனா நீங்கள் எனக்கு முதலே வாக்குத் தந்தனீங்கள்."

மாஸ்டர் சத்தியம் செய்யச் செய்ய மனேச்சரின் பிடி இறுகியது. கடைசியில் மாஸ்டர் பொட்டைப் பார்த்து, "பூரணம், நீங்களாவது சொல்லுங்கோ!" என்று கூப்பிட்டார். அன்ரி வந்தார். குட்டியைப் பார்த்தார். மண்டையனின் இரத்தம் என்று உரிமை கொண்டாட வாழ்நாளில் கிடைக்காத சந்தர்ப்பம். அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "எனக்கு உந்த இனம் கினம் ஒண்டும் தெரியாது தம்பி. மாஸ்டர்தான் படிச்சவர்" என்று சொல்லிவிட்டு, குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தார். பானை மூடி விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது.

கார் போய்விட்டது. மாஸ்டர் முற்றத்தில் நின்றபடி, "நான் உண்மையைத்தானே சொன்னனான் பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார். "ஓம் மாஸ்டர்" என்றேன். அதற்குப் பிறகு பல காலம் அந்த மனேச்சர், தன் அசல் அல்சேசனைப் பற்றி வங்கிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். நல்ல நாயாம். சொல்வதைக் கேட்குமாம்.

மிச்ச நாலு குட்டிகளும் போன இடங்களை நீங்கள் கேட்பீர்கள். அசல் என்று மாஸ்டர் நம்பிய ஒன்று இரணைமடுக்குளத்தில் மீன் பிடிக்கிற ஒருவரிடம் போனது. காவலுக்குப் பிறந்த இனம், வள்ளத்தில் ஏறி முன் நுனியில் இருந்து மீன் பார்த்தது. அசல் என்று நம்பிய இன்னொன்றை, சகலனுக்குக் கொடுக்க மனம் வராமல், மாஸ்டர் தானே வைத்துக்கொண்டார். அது வளர வளர அதன் வால் மண்டையனின் வால்போலச் சுருண்டது. அன்ரி அந்த வாலைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் புன்னகைக்கப் பழகிக்கொண்டார். கலப்பு என்று அன்ரி உரிமையோடு எடுத்துக்கொண்ட குட்டியோ, இடி இடித்தால் கட்டிலுக்குக் கீழே போனது. அப்போது புன்னகைப்பது மாஸ்டரின் முறை. கடைசிக் குட்டியை நான் கனகராயன்குளத்துக்குக் கொண்டுபோனேன். நாய்க்குப் பயந்த மகள் நாயோடு வந்து இறங்கியதை அப்பா மேலும் கீழும் பார்த்தார். "என்ன இனம்?" என்று மட்டும் கேட்டார். "ஆருக்கும் தெரியாது" என்றேன். அதையே பெயராக வைக்கலாம் என்றார். வைக்கவில்லை.

இப்போது அந்த வளவுகளைப் பார்த்தால் உங்களால் அடையாளம் பிடிக்க முடியாது. ரீட்டா வயதாகிப் போய்ச் சேர்ந்தது. மண்டையன் ஒரு மாரிமழைக் காலத்தில் வழமைபோல வெளிக்கிட்டுப் போனவன், வரவில்லை. மாஸ்டரின் மனைவியும் இல்லை. மாஸ்டரை மகள் லண்டனுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். வளவை வாங்கியவர்கள் உயரமாக மதில் கட்டி, வெள்ளை அடித்து, இரும்புக் கேற் போட்டிருக்கிறார்கள். மாட்டாஸ்பத்திரிக்கு நாயை இப்போது காரில் கொண்டுவருகிறார்கள், ஊசி போட்ட அட்டையோடு.

இரண்டு மாதத்துக்கு முன் மாஸ்டர் எனக்குப் போன் எடுத்தார். குரல் மெலிந்திருந்தது, ஆனால் வேகம் குறையவில்லை.

"பிள்ளை, இஞ்ச பூங்காவில ஒரு நாய் கண்டன். சுருள் சுருளா மயிர், பொம்மை மாதிரி. என்ன இனம் எண்டு அந்த மனுசியைக் கேட்டன். ரெண்டு இனத்தை வேணுமெண்டே கலந்து எடுத்ததாம். அதுக்கொரு தனிப் பேரும் வைச்சிருக்குதுகள். அசலை விட இதுக்குத்தானாம் இப்ப மதிப்பு. மாசக் கணக்கில காத்திருந்து வாங்குதுகளாம்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இதைப் பூரணத்துக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

அன்று பின்னேரமே போய்ச் சொன்னேன். நீங்கள் என்றால் சொல்லாமல் இருந்திருப்பீர்களா?

அன்ரிக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது. விளங்கியதும் சிரித்தார் பாருங்கள், கதிரை ஆடியது, கண்ணால் தண்ணீர் ஓடியது. "லண்டன்காரருக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு" என்றார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த மனுசிக்கு மாஸ்டர் என்ன மறுமொழி சொன்னவராம்?" என்று ஆவலோடு கேட்டார்.

"ஒண்டும் சொல்லேல்லையாம் அன்ரி. சண்டை பிடிக்கிற அளவுக்கு இங்கிலீசு வாயில வராதாம்."

அன்ரியின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஐயோ பாவம்" என்றார். பிறகு மதில் பக்கம் திரும்பினார்.

"இஞ்ச பக்கத்தில இருக்கிறதுகளும் நல்ல சனம்தான் பிள்ளை. ஒரு குறை சொல்ல ஏலாது. நான் என்ன சொன்னாலும், 'ஓம் அன்ரி' எண்டு சொல்லிப்போட்டுப் போகுதுகள்."